ஸ்பீக்கர் வந்துச்சு, மைக் போச்சு: ஒரு லினக்ஸ் லேப்டாப்பில் சவுண்ட் டிரைவர் சிக்கல், நிகழ்வு ஆய்வு

பின்னணி

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பார்வை இல்லாத மாணவர்களுக்காக பாடப் புத்தகங்கள வாசிச்சு பதிவு பண்ணி அனுப்பறவங்க. பதிவு எல்லாம் காதுல மாட்டற ஹெட்செட் மைக்லதான், ஆனா வாரத்துக்கு ஒரு தடவ அந்தப் பசங்களோட ஆன்லைன்ல உக்காந்து சந்தேகம் தீர்ப்பாங்க, அப்ப அவங்களும் இன்னொரு டீச்சரும் ஒரே லேப்டாப் முன்னாடி உக்காருவாங்க, அதுக்கு லேப்டாப்போட உள் மைக் கட்டாயம் வேணும். இந்த விவரம் பின்னாடி முக்கியமாகுது, முதல் நாள் நான் இதக் கேக்கவே இல்ல.

லேப்டாப் இன்டெல் 11ஆம் தலைமுறை, டைகர் லேக் சிப். பழைய டிஸ்க் போயி புது டிஸ்க் மாட்டி, தெரிஞ்சவர் ஒருத்தர் டெபியன் 11ங்கற லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தாரு. தேவையில்லாத பேக்கேஜ் (மென்பொருள் பொதி) எதுவும் ஏறக்கூடாதுன்னு அவர் ரொம்ப சிக்கனமா போட்டிருந்தாரு, அதாவது பேக்கேஜ் போடற கருவியான ஆப்ட் பரிந்துரைக்கற பேக்கேஜ்கள் தானா வராத மாதிரி அமைச்சுட்டு, பேக்கேஜ் வர்ற இடங்கள்ல மெயின் களஞ்சியம் மட்டும் வச்சு. சிஸ்டம் வேகமா ஓடுச்சு, எல்லாம் நல்லா இருந்துச்சு, சத்தம் மட்டும் இல்ல.

முதல் நாள் கண்டது

அக்கா போன் பண்ணி "தம்பி, செட்டிங்ஸ்ல டம்மி அவுட்புட்னு மட்டும்தான் இருக்கு, அது என்னப்பா"ன்னு கேட்டாங்க. புரோகிராம்களோட சத்தத்த வாங்கி அனுப்பற பல்ஸ்ஆடியோவுக்கு நிஜமான சவுண்ட் கார்டு ஒன்னும் கிடைக்கலன்னா, ஓடற புரோகிராமெல்லாம் தடுக்கி விழாம இருக்க பொய்யா ஒரு அவுட்புட்ட தானே உருவாக்கி வச்சுக்கும், அதோட பேருதான் டம்மி அவுட்புட். அதனால அத பாத்த உடனே பல்ஸ்ஆடியோவ சந்தேகப்படக் கூடாது, பாவம் அது கார்டு கிடைக்கலன்னு சொல்லுது அவ்வளவுதான், கோளாறு அதுக்கும் கீழ.

ஆனா அதுக்கு முன்னாடியே அவங்க பையன், காலேஜ் படிக்கறவன், ரெண்டு நாள் மேல் அடுக்குலயே போராடியிருக்கான். பல்ஸ்ஆடியோவ எடுத்துட்டு திரும்பப் போட்டிருக்கான், ஹோம்ல இருக்கற பல்ஸ் அமைப்பு ஃபோல்டர அழிச்சிருக்கான், அதே வேல செய்யற பைப்வயர் போட்டுப் பாத்துட்டு அதையும் எடுத்திருக்கான், யூசர ஆடியோ குரூப்ல சேத்திருக்கான். இந்த கடைசி வேல பல இடத்துல மருந்து மாதிரி சொல்லப்படுது, ஆனா இப்ப உக்காந்து லாகின் பண்ணியிருக்கறவருக்கு சவுண்ட் டிவைஸ் அனுமதிய லினக்ஸ நிர்வகிக்கற சிஸ்டம்டியே கொடுத்துடும், குரூப்ல சேத்தா ரெண்டு யூசர் மாத்தி மாத்தி பயன்படுத்தும்போது ஒருத்தரோட சத்தத்துக்குள்ள இன்னொருத்தர் நுழையற சிக்கல்தான் வரும். அத முதல்ல எடுத்துவிட்டேன்.

கர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, எழுதற லாக காட்டற டிமெஸ்ஜி கமாண்ட போட்டுப் பாத்தியான்னு கேட்டேன். போட்டேன் மாமா, ஆபரேஷன் நாட் பர்மிட்டட்னு வந்துச்சு, அதனால ஒன்னும் இல்லன்னு விட்டுட்டேன்னான். டெபியன்ல சாதா யூசருக்கு கர்னல் லாக் பாக்க அனுமதி கிடையாது, நிர்வாகி அனுமதி தர்ற சூடோ போட்டுத்தான் பாக்கணும். ரெண்டு நாளா பதில் அங்கயே எழுதியிருந்துச்சு, கதவு மட்டும் பூட்டியிருந்துச்சு.

தொலைவுல இருந்து நுழைஞ்சு கீழ இருந்து மேல பாத்தேன். முதல்ல வன்பொருள் பட்டியல காட்டற எல்எஸ்பிசிஐ, அதுல 00:1எஃப்.3 இடத்துல இன்டெல்லோட ஸ்மார்ட் சவுண்ட் ஆடியோ கன்ட்ரோலர் தெரிஞ்சுது, ஆக வன்பொருள் உயிரோட இருக்கு, பயாஸ்ல யாரும் அணைச்சு வைக்கல. அதே கமாண்ட கே ஆப்ஷனோட போட்டா அந்த டிவைஸுக்கு பொருந்தற மாட்யூல்கள், அதாவது டிரைவர்கள், ரெண்டு தெரிஞ்சுது, எஸ்என்டி எச்டிஏ இன்டெல் ஒன்னு, எஸ்என்டி எஸ்ஓஎஃப் பிசிஐ ஒன்னு. அடுத்து கர்னலோட நிலைய காட்டற ப்ராக் கீழ அசவுண்ட் ஃபோல்டர்ல கார்ட்ஸ் ஃபைல படிச்சேன், "நோ சவுண்ட்கார்ட்ஸ்"னு ஒரே வரி. ஒரே டிவைஸுக்கு ரெண்டு டிரைவர் தயாரா இருந்தும் கார்டு ஒன்னுகூட உருவாகல.

எனக்குக் காரணம் புரியாம இல்ல. இந்தச் சிப்ல ரெண்டு டிரைவர் போட்டி போடும், யாரு எடுத்துக்கறதுன்னு டிஎஸ்பிசிஎஃப்ஜின்னு ஒரு குட்டி மாட்யூல் முடிவு பண்ணும், அதுக்கு டிஎஸ்பி டிரைவர்னு ஒரு அளவுரு உண்டு, 0 வச்சா தானே முடிவு பண்ணிக்கும், 1 வச்சா பழைய எச்டிஏ டிரைவர், 3 வச்சா புது எஸ்ஓஎஃப் டிரைவர்.

நான் எடுத்த முதல் முடிவும் அதுக்கான காரணமும்

அன்னிக்கு ராத்திரியே அக்கா ஒரு பாடத்தப் பதிவு பண்ணி அனுப்பணும், பரிட்சை நெருக்கத்துல பசங்க காத்திருக்காங்க. நான் மாட்யூல் அமைப்புகள் இருக்கற மாட்ப்ரோப்-டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் வச்சு அளவுருவ 1 ஆக்கி ரீபூட் பண்ணச் சொன்னேன். சத்தம் வந்துச்சு. ஸ்பீக்கர் ஓடுச்சு, ஹெட்செட் ஓடுச்சு, ஹெட்செட் மைக்லயும் பதிவாச்சு. அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம், எனக்கும்தான்.

பையன் மட்டும் ஒரு விஷயம் சொன்னான், இதே அளவுருவ நானும் சிஸ்டத்த பூட் பண்ற க்ரப் அமைப்புல போட்டுப் பாத்தேன் மாமா, ஒன்னும் ஆகலயே, உங்களுக்கு மட்டும் எப்படி ஆச்சுன்னு. நல்ல கேள்வி, அங்கயே நின்னு பதில் தேடியிருக்கணும். வேல முடிஞ்சுதேன்னு நான் அத விட்டுட்டேன்.

நேரம் இல்லாதப்ப இந்த மாதிரி தற்காலிக வழி எடுத்ததுல தப்பு இருக்கறதா நான் இப்பவும் நினைக்கல. இது தற்காலிகம்னு அக்காகிட்ட சொல்லாம விட்டது தப்பு. கர்னல் லாக முழுசா படிக்காம மூடினதும் தப்பு.

ஒன்பதாம் நாள்: பசங்களுக்கு குரல் கேக்கல

வாராந்திர வகுப்பு அன்னிக்கு ஹெட்செட்ட கழட்டி வச்சுட்டு அக்காவும் அந்த டீச்சரும் லேப்டாப் முன்னாடி உக்காந்திருக்காங்க. பசங்க பேசறது இவங்களுக்குக் கேக்குது, இவங்க பேசறது அந்தப் பக்கம் யாருக்கும் கேக்கல. பார்வை இல்லாத பசங்க, திரையில வாய் அசையறத பாத்து மைக் போச்சுன்னு புரிஞ்சுக்கவும் வழியில்ல, டீச்சர் வரல போலன்னு நினைச்சு ஒவ்வொருத்தரா வெளிய போயிட்டாங்க. அக்கா அத சொல்லும்போது குரல் உடைஞ்சுது. முதல் நாள் நான் ஒரு கேள்வி அதிகமா கேட்டிருந்தா இது நடந்திருக்காது.

அன்னிக்கு சாயந்தரம் நேர்ல போய் உக்காந்தேன்.

ஒலிய பதிவு பண்ற ஏரெக்கார்ட் கமாண்ட எல் ஆப்ஷனோட போட்டா பதிவு பண்ற டிவைஸ் ஒன்னே ஒன்னு, ரியல்டெக் கோடெக்கோட (அனலாக் ஒலியையும் டிஜிட்டலையும் மாத்திக் கொடுக்கற சிப்) அனலாக் உள்ளீடு, அதாவது ஜாக்ல மாட்டற ஹெட்செட் மைக். உள் மைக் பட்டியல்லயே இல்ல. ஒலி அளவ மாத்தற அல்சாமிக்ஸர்ல எஃப்4 அழுத்தி எவ்வளவு ஏத்தி இறக்கினாலும் வராது, ஏன்னா ஏத்தி இறக்க அங்க மைக்கே கிடையாது.

காரணம் இந்த லேப்டாப்போட அமைப்புல இருக்கு. பழைய லேப்டாப்ல உள் மைக் அனலாக், அதோட கம்பி ரியல்டெக் மாதிரி ஒரு கோடெக் சிப்புக்குப் போகும், எச்டிஏ டிரைவர் அந்தக் கோடெக்கோட பேசும், எல்லாம் ஒரே பாதை. இதுல திரைக்கு மேல இருக்கறது டிஜிட்டல் மைக், அது கோடெக்க தொடவே தொடாது, நேரா இன்டெல் சிப்புக்குள்ள இருக்கற ஆடியோ டிஎஸ்பிக்கு, அதாவது ஒலிய கையாளற தனி செயலிக்குப் போயிடும். பழைய எச்டிஏ டிரைவருக்கு கோடெக் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த டிஎஸ்பிய எழுப்பி வேல வாங்கறது எஸ்ஓஎஃப், விரிச்சா சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், இன்டெல் 2018ல தொடங்கி வச்சது. ஆக நான் வச்ச 1ங்கற எண் ஸ்பீக்கரக் கொடுத்துட்டு மைக்க பிடுங்கிடுச்சு.

நீக்கியும் போகாத அமைப்பு

சரி, நான் வச்ச ஃபைல நீக்கிட்டு ரீபூட் பண்ணினா முதல் நாள் இருந்த நிலைக்குப் போகும், கார்டே இருக்காது, லாக்ல காரணம் தெரியும்னு எதிர்பாத்தேன். ரீபூட் ஆச்சு, ஸ்பீக்கர் அப்படியே பாடுது. இது நடக்கக் கூடாத விஷயம். சத்தம் வந்ததுக்கு கவலப்பட்டது அன்னிக்குத்தான்.

சிஸ் கீழ மாட்யூல் ஃபோல்டர்ல டிஎஸ்பிசிஎஃப்ஜியோட அளவுருவ நேரா படிக்கலாம். படிச்சேன், இன்னும் 1தான். ஃபைல் இல்ல, ஆனா யாரோ 1னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. ப்ராக் கீழ இருக்கற சிஎம்டிலைன் ஃபைல படிச்சதும் தெரிஞ்சுபோச்சு, கர்னலுக்கு பூட் ஆகும்போதே அந்த அளவுரு போகுது, க்ரப் வழியா.

பையன்கிட்ட கேட்டு நடந்தத கோர்த்துப் பாத்தோம். அவன் டிஃபால்ட் ஃபோல்டர்ல க்ரப் ஃபைலத் திருத்தியிருக்கான், ஆனா அப்டேட்-க்ரப் கமாண்ட ஓட்டல. அது ஓடினாத்தான் அந்தத் திருத்தம் நிஜமான பூட் மெனுவுக்குப் போகும். அதனால அவனுக்கு அன்னிக்கு ஒன்னும் ஆகல, இந்த அளவுரு உதவாதுன்னு முடிவு பண்ணிட்டு திருத்தத்த அப்படியே விட்டுட்டான். நடுவுல ஒரு நாள் கர்னல் அப்டேட் வந்திருக்கு, புது கர்னல் ஏறும்போது அப்டேட்-க்ரப் தானே ஓடும், தூங்கிக்கிட்டிருந்த அந்த வரி அன்னிக்கு எழுந்துருச்சு. முதல் நாள் அவன் கேட்ட கேள்விக்கு பதில் இதுதான், அது எனக்கு ஒன்பதாம் நாள்தான் கிடைச்சுது.

அந்த வரிய எடுத்து, அப்டேட்-க்ரப் ஓட்டி, ரீபூட் பண்ணி, சிஎம்டிலைன் ஃபைல மறுபடி படிச்சு, அது சுத்தமா இருக்கறத கண்ணால பாத்த பிறகுதான் அடுத்த அடி வச்சேன்.

கர்னல் லாக் சொன்னது

இப்ப சூடோவோட டிமெஸ்ஜி. எச்டிஏ டிரைவர் முதல்ல வருது, பிசிஐ வகை எண் 040380ன்னு பாத்து இங்க டிஎஸ்பி இருக்குன்னு சொல்லுது, அடுத்த வரியில டிஜிட்டல் மைக் இருக்கறதால எஸ்ஓஎஃப் டிரைவர பயன்படுத்தறோம்னு சொல்லிட்டு தானே விலகிடுது. 00ல முடியாம 80ன்னு கடைசியில வந்தா, பழைய முறையும் ஓடும் டிஎஸ்பி முறையும் ஓடும்னு அர்த்தம், அதனாலதான் நான் 1 வச்சப்ப ஸ்பீக்கராவது வந்துச்சு. அப்புறம் எஸ்ஓஎஃப் வருது, இன்டெல் ஃபோல்டருக்குள்ள எஸ்ஓஎஃப் ஃபோல்டர்ல டிஜிஎல்ங்கற ஃபர்ம்வேர் ஃபைல, அதாவது டிஎஸ்பிக்குள்ள ஓடற நிரல, ஏத்தப் பாக்குது, "எரர் -2"ன்னு நின்னுடுது. கர்னல் பாஷையில -2ன்னா அந்தப் பேர்ல ஃபைலே இல்ல. கெட்டுப்போன ஃபைலோ பொருந்தாத ஃபைலோ இல்ல, வெறும் இல்லாமை.

ஒருத்தர் மரியாதையா விலகி நின்னாரு, இன்னொருத்தர் கையில கருவி இல்லாம நின்னாரு, கார்டு பிறக்கல. முதல் நாள் இந்த நாலு வரிய படிச்சிருந்தா பத்து நிமிஷ வேல.

ஃபைல் ஏன் இல்லங்கறதும் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம். எஸ்ஓஎஃப்போட மூல நிரல் திறந்ததுதான், ஆனா கடையில விக்கற பெரும்பாலான லேப்டாப்ல சிப் ஏத்துக்கறது இன்டெல் கையெழுத்து போட்ட பைனரிய மட்டும்தான், நாமளே கம்பைல் பண்ணினா அந்தக் கையெழுத்து வராது. அதனால டெபியன் 11ல ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டுங்கற அந்தப் பேக்கேஜ் கட்டற்ற மென்பொருள் அல்லாததுக்கான நான்-ஃப்ரீ பகுதியில இருந்துச்சு, மெயின்ல இல்ல. மெயின் மட்டும் வச்சுப் போட்ட சிஸ்டத்துல அது வர வழியே இல்ல.

சோர்சஸ் பட்டியல்ல மெயின் பக்கத்துல கான்ட்ரிப், நான்-ஃப்ரீ ரெண்டையும் சேத்து, ஆப்ட் அப்டேட் பண்ணி, பேக்கேஜப் போட்டு, ரீபூட். கார்ட்ஸ் ஃபைல்ல இப்ப சாஃப்-எச்டிஏ-டிஎஸ்பின்னு கார்டு நிக்குது. ஏரெக்கார்ட் பட்டியல்ல 6ஆவது டிவைஸா டிமிக் (டிஜிட்டல் மைக்), 7ஆவதா 16 கிலோஹெர்ட்ஸ் டிமிக்.

கடைசி அடுக்கு

முடிஞ்சுதுன்னு அக்கா டீ போட எழுந்தாங்க. நான் செட்டிங்ஸத் திறந்தேன். ஸ்பீக்கர் இருக்கு. உள்ளீட்டுப் பட்டியல்ல உள் மைக் இல்ல.

இந்தத் தடவ பதறல, ஏன்னா எந்த அடுக்கு வரைக்கும் சரியா இருக்குன்னு கையில கணக்கு இருந்துச்சு. பல்ஸ்ஆடியோவ ஒதுக்கிட்டு ஏரெக்கார்ட்ல நேரா 0,6 டிவைஸக் கொடுத்து, ரெண்டு சேனல், 48000 ஹெர்ட்ஸ், 32 பிட்னு வச்சு அஞ்சு விநாடி பதிவு பண்ணினேன். அக்கா திரைக்கு முன்னாடி குனிஞ்சு "வணக்கம் பசங்களா, கேக்குதா"ன்னாங்க. ஏபிளேல திருப்பிப் போட்டா அந்தக் குரல் தெளிவா வந்துச்சு. அப்ப வன்பொருள், ஃபர்ம்வேர், டிரைவர், லினக்ஸோட சவுண்ட் அடுக்கான அல்சா நாலும் சரி. மிச்சம் இருக்கறது அல்சாவுக்கும் பல்ஸ்ஆடியோவுக்கும் நடுவுல இருக்கற ஒரு இணைப்பு மட்டும்தான்.

பல்ஸ்ஆடியோ தன்னால கார்ட ஆராயும்போது பொதுவா 0ஆவது டிவைஸத்தான் பாக்கும், எங்கயோ 6ஆவது இடத்துல மைக் இருக்கும்னு அதுக்குத் தெரியாது. எந்த டிவைஸ் ஸ்பீக்கர், எது மைக், ஜாக் மாட்டினா எதுக்கு மாறணும்னு எழுதி வச்சிருக்கற விவரக் குறிப்புதான் யுசிஎம், அல்சா-யுசிஎம்-கான்ஃப்ங்கற பேக்கேஜ்ல வரும். அது கட்டாயச் சார்பு இல்ல, பரிந்துரை மட்டும். பரிந்துரைகள அணைச்சு வச்ச சிஸ்டம்ங்கறதால அதுவும் வரல. போட்டேன், பல்ஸ்ஆடியோவ மறுபடி தொடங்கினேன், உள்ளீட்டுப் பட்டியல்ல உள் மைக் வந்து நின்னுச்சு. ஒலி கொஞ்சம் தாழ்வா இருந்துச்சு, அல்சாமிக்ஸர்ல எஃப்6ல கார்டத் தேர்ந்தெடுத்து டிமிக்0 அளவ ஏத்தினதும் சரியாச்சு.

பிறகு நடந்தது

அடுத்த வார வகுப்புக்கு கால் மணி நேரம் முன்னாடி நானும் ஒரு ஓரத்துல சேந்து கேட்டேன், ரெண்டு டீச்சர் குரலும் நல்லா வந்துச்சு. வெளிய போன பசங்க எல்லாரும் திரும்ப வந்திருந்தாங்க. முந்தின வாரம் என்ன ஆச்சுன்னு அக்கா அவங்களுக்குப் பொறுமையா விளக்கினாங்க.

டெபியன் 12க்கு மாறும்போது ஒரு இடத்துல கவனம் தேவப்பட்டுது. 2023 ஜூன்ல வந்த அந்தப் பதிப்புல இருந்து ஃபர்ம்வேர் எல்லாம் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்னு தனிப் பகுதிக்குப் போயிடுச்சு, பழைய நான்-ஃப்ரீ வரிய மட்டும் வச்சுக்கிட்டு அப்கிரேட் பண்ணினா கர்னல் புதுசாகும் ஃபர்ம்வேர் பழசாவே தங்கிடும். சோர்சஸ் பட்டியல்ல அந்தச் சொல்ல முதல்லயே சேத்துட்டுத்தான் அப்கிரேட் பண்ணினோம், சத்தத்துல ஒரு குறையும் வரல. புதுசா போடறவங்களுக்கு இந்தத் தொல்ல பெரும்பாலும் இருக்காது, டெபியன் 12லேந்து அதிகாரபூர்வ இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேர் வருது.

மறுபடி செஞ்சா மாத்தறது

சத்தம் வரலன்னு ஒருத்தர் சொன்னா, எதுக்கெல்லாம் சத்தம் வேணும்னு முதல்ல கேப்பேன். ஸ்பீக்கர், ஹெட்செட், ஜாக் மைக், உள் மைக், எச்டிஎம்ஐ அஞ்சையும் தனித்தனியா சோதிச்சுட்டுத்தான் சரியாச்சுன்னு சொல்லுவேன். ஸ்பீக்கர் பாடினா சவுண்ட் கார்டு சரின்னு நானும் பல வருஷமா எடுத்துக்கிட்டிருந்தேன், டிஎஸ்பி வச்ச லேப்டாப்ல அது செல்லாது.

அளவுரு எதையும் நிரந்தரமா வைக்கறதுக்கு முன்னாடி க்ரப் மெனுவுல இ அழுத்தி அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் போட்டுப் பாப்பேன், ரீபூட் ஆனா தானே போயிடும். நிரந்தரமா வச்சே ஆகணும்னா அதே ஃபைல்ல ஹேஷ் போட்டு தேதி, காரணம், எப்ப எடுக்கணும் மூணையும் எழுதுவேன். எனக்கு முன்னாடி வேற யாராவது கை வச்சிருந்தா அவங்க தொட்ட ஒவ்வொன்னையும் கேட்டு எழுதிக்கிட்டு, வேல செய்யாமப் போன முயற்சியையும் திருப்பி எடுத்துட்டுத்தான் தொடங்குவேன். இணையத்துல பழைய அறிவுரைகள் நிறைய கிடக்கு, டிமிக் டிடெக்ட்ட 0 ஆக்கு, மாடல் பேர மாத்துன்னு, அதுல பல வரிகள் இந்த டிஎஸ்பிசிஎஃப்ஜி வர்றதுக்கு முந்தின கர்னலுக்கு எழுதினது. கர்னல் எந்தப் பதிப்புன்னு பாக்காம அதுல எதையும் ஒட்ட மாட்டேன்.

பரிந்துரைகள அணைச்சு வச்சிருந்தத நான் அப்படியேதான் விட்டிருக்கேன், அது போட்டுக் கொடுத்தவரோட விருப்பம், தப்பும் கிடையாது. ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டும் அல்சா-யுசிஎம்-கான்ஃப்பும் மட்டும் கையால நிறுவினதா குறிச்சு வச்சாச்சு, தேவையில்லாத பேக்கேஜ தானே நீக்கற ஆட்டோரிமூவ் ஓட்டினாலும் போகாது. பையன் இப்ப டெஸ்க்டாப்ல ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வச்சிருக்கான், அதுல நாலே வரி: எல்எஸ்பிசிஐ, கார்ட்ஸ் ஃபைல், சூடோவோட டிமெஸ்ஜி, ஏரெக்கார்ட் 0,6. போன மாசம் அக்கா "தம்பி, மைக்ல கரகரன்னு வருது"ன்னு கூப்பிட்டப்ப நான் போகவே வேண்டி வரல, அவனே நாலு வரியையும் ஓட்டி, டிமிக்0 அளவு உச்சத்துக்கு ஏத்தி வச்சிருக்கறத கண்டுபிடிச்சு இறக்கிட்டான்.